எல்வா: அடைத்த ஆறும் திறந்த ஆறும்

அணை கட்டுகிறவர் யாராக இருந்தாலும் மீன் ஏறிப் போக வழி வைத்துத்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன், மாநிலத் தகுதி பெற்ற மறு ஆண்டே, 1890இல், இப்படி ஒரு சட்டம் போட்டது. அந்தக் கடற்கரைக்குச் சால்மன் மீன்தான் சோறு என்பது அன்றைய சட்டமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இருபதே ஆண்டுகளில், அதே மாநிலத்தின் செழிப்பான சால்மன் ஆறுகளில் ஒன்றின் குறுக்கே ஒரு கான்கிரீட் சுவர் எழுந்தது. மீனுக்கு அதில் ஒரு சாண் வழிகூட இல்லை. அந்தச் சுவரும் அதற்கு மேலே பிற்பாடு எழுந்த இன்னொரு சுவரும் நீங்கி ஆறு பழையபடி ஓட, ஒரு நூற்றாண்டும் சுமார் 32.5 கோடி டாலரும் செலவாயின.

அந்த ஆற்றின் பெயர் எல்வா. நீளத்தில் பெரிய ஆறு அல்ல. ஒலிம்பிக் மலைத்தொடரின் பனிமுகடுகளில் பிறந்து வடக்கு நோக்கி இறங்கி, ஹுவான் டி ஃபூகா நீரிணையில் கலக்கிறது. மொத்தம் 72 கிலோமீட்டர். நம் தாமிரபரணியில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் அந்தச் சின்ன ஆற்றில் பசிபிக் சால்மனின் ஐந்து இனங்களும் ஏறின. சினூக், கோஹோ, சம், பிங்க், சாக்கை என்று அவற்றுக்குப் பெயர். அவற்றோடு ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய்த் திரும்பும் கட்த்ரோட், புல் டிரௌட் ஆகியவையும் சேர்ந்து ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவதொரு மீன் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. எல்வாவின் சினூக் மீனுக்குத் தனிப் புகழ் உண்டு. 45 கிலோ எடையுள்ளவை அங்கே பிடிபட்டதாகச் சொல்வார்கள். அணைக்கு முன் ஆண்டுக்கு நான்கு லட்சம் மீன்வரை ஏறியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சால்மனின் வாழ்க்கை தெரிந்தால்தான் அணை என்ன செய்தது என்பது விளங்கும். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி, அங்கேயே சாகும் மீன் அது. திரும்பி வரும் பெண் மீன் கூழாங்கல் பரவிய இடமாகப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கும். வாலால் தரையை ஓங்கி ஓங்கி அடிக்கும். வண்டல் கலங்கி நீரோடு போய்விட, சுத்தமான கல் மட்டும் மிஞ்சிய பள்ளம் ஒன்று உருவாகும். அதில் முட்டையிட்டு, ஆண் மீன் வந்து கருவூட்டியதும், சற்று மேலே நகர்ந்து மறுபடி வாலால் அடித்துக் கல்லைத் தள்ளி மூடிவிடும். குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த நீர் ஊடுருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீர் சூடானாலோ, இடுக்கில் சேறு அடைத்தாலோ முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பொரிந்த குஞ்சு கடலுக்கு இறங்கி, சில ஆண்டுகள் அலைந்து திரிந்து, பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பும்.

முட்டையிட்ட பசிபிக் சால்மன் பிழைப்பதில்லை. கரையில் ஒதுங்கும் அதன் உடலைக் கரடியும் கழுகும் இழுத்துப் போகின்றன. மிச்சம் காட்டுக்கு உரமாகிறது. கடலில் சேர்த்த சத்தை மலைக்குச் சுமந்து கொண்டுவரும் உயிர் அது. ஆகவே அணை மீனை மட்டும் தடுப்பதில்லை. மேலே இருக்கும் காட்டுக்கு வரவேண்டிய சத்தையும் சேர்த்தே தடுக்கிறது.

எல்வாவின் முகத்துவாரத்தில் கிளாலம் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள். ஆண்டின் முதல் சால்மனுக்குச் சடங்கு செய்து, எலும்பை ஆற்றிலேயே விட்டுவிடுவது அந்தக் கரையோரக் குடிகளின் வழக்கம். ஆற்றின் நடுவே ஒரு குறிப்பிட்ட பாறையருகில்தான் படைத்தவர் தங்களை மண்ணெடுத்து உண்டாக்கினார் என்று கிளாலம் மக்கள் நம்பினார்கள். 1855இல் பாயிண்ட் நோ பாயிண்ட் என்ற இடத்தில் அமெரிக்க அரசு அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலம் அரசுக்குப் போனது. வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் தொடர்ந்து மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இருந்தது. நிலத்தைக் கொடுத்து, மீனைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மீனே வராமல் போகும் நாள் ஒன்று வரும் என்று அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

1890களில் அருகிலுள்ள போர்ட் ஏஞ்சலிஸ் என்ற துறைமுக ஊருக்குக் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தவர் தாமஸ் ஆல்ட்வெல். எல்வா குறுகிப் பாயும் பள்ளத்தாக்கைப் பார்த்ததும் அங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை நிலத்தை வாங்கினார். ஜார்ஜ் க்ளைன்ஸ் என்ற கூட்டாளி சேர்ந்தார், முதலீடு திரண்டது, 1910இல் வேலை ஆரம்பமானது. கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் 33 மீட்டர் உயர எல்வா அணை எழும்பத் தொடங்கியது. முதுமையில் ஆல்ட்வெல் எழுதிய தன்வரலாறு 1950இல் வெளிவந்தது. அந்நூலின் தலைப்பே அவர் ஆற்றை வெல்ல வேண்டிய எல்லைப்புறமாகப் பார்த்தார் என்பதைக் காட்டுகிறது. அவர் காலத்தில் பலர் அப்படித்தான் பார்த்தார்கள். அதற்காக அவரை அரக்கனாக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை, அரசுக்கும் தெரியாமல் இல்லை. அதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

1911இல் மாவட்டத்தின் வேட்டைக் கண்காணிப்பாளர் மாநில மீன்வள ஆணையருக்கு எழுதினார்: அணைக்கு மேலே ஆற்றையும் கிளை ஓடைகளையும் தானே தேடிப் பார்த்துவிட்டதாகவும், ஒரு சால்மன்கூடக் கண்ணில் படவில்லை என்றும், அணையின் அடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டி மோதி நிற்கின்றன என்றும் அந்தக் கடிதம் தெரிவித்தது. பயன் ஒன்றும் இல்லை.

மனிதர்கள் கேட்காததை ஆறு ஒருமுறை தானே செய்து பார்த்தது. அணையின் அடித்தளத்தைக் கீழ்ப்பாறை வரை கொண்டுபோகாமல் சரளைப் படுகையின்மீதே நிறுத்தியிருந்தார்கள். 1912 அக்டோபர் 30 அன்று, தேங்கிய நீரின் அழுத்தம் தாங்காமல் அடிப்பகுதி பிய்த்துக்கொண்டது. மேலே சுவர் பாலம்போல் அப்படியே நிற்க, அதற்குக் கீழே ஏரி முழுதும் புகுந்து பாய்ந்தது. முகத்துவாரத்திலிருந்த கிளாலம் குடும்பங்கள் மேட்டுக்கு ஓடின. வெள்ளம் வடிந்தபின் மரக்கிளைகளில் மீன் சிக்கித் தொங்கியதைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். உரிமையாளர்கள் பாறையையும் சரளையையும் ஃபர் மரக் கொப்புகளையும் கொட்டி ஓட்டையை அடைத்து, 1913இல் அணையை முடித்தார்கள். மீனுக்கு வழி வைக்க அது இரண்டாவது வாய்ப்பு. அதையும் நழுவவிட்டார்கள்.

அந்த ஆண்டு மாநில மீன்வள ஆணையராக வந்த லெஸ்லி டார்வின் ஒரு யோசனை சொன்னார். ஆற்றை மறிக்கக் கூடாது என்ற சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: குஞ்சுப் பண்ணைக்கு முட்டை எடுப்பதற்காக அரசு ஆற்றை மறிக்கலாம். அணையையே அந்த மறிப்பாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு குஞ்சுப் பண்ணை வைத்துவிட்டால் சட்டம் மீறப்பட்டதாகாது என்றார். நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிறிது காலத்தில் சட்டமே திருத்தப்பட்டு, மீன் வழிக்குப் பதில் குஞ்சுப் பண்ணை வைத்தால் போதும் என்றானது. எல்வாவின் குஞ்சுப் பண்ணை சரியாக நடக்கவில்லை. 1922இல் அதை மூடிவிட்டார்கள். அணை மட்டும் நின்றது. 1927இல் மேலே 64 மீட்டர் உயரத்தில் க்ளைன்ஸ் கேன்யன் அணை கட்டப்பட்டபோது மீன் வழி என்ற பேச்சே எழவில்லை. கீழேயே மீன் நின்றுவிட்டபின் மேலே எதற்கு வழி என்ற நிலை.

அணை வந்தால் மீன் எப்படி ஏறும் என்ற கேள்வி எல்வாவில்தான் முதன்முதலில் எழுந்தது என்று நினைக்க வேண்டாம். கொள்ளிடத்தில் அது அதற்கு முன்பே எழுந்துவிட்டது. கடலிலிருந்து காவிரி நீரைத் தேடி ஏறிவரும் மீன் உல்லம். வங்காளத்தில் இலிஷ், ஆந்திரத்தில் புலசா என்று கொண்டாடப்படும் அதே மீன். 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டினார். பாசனத்துக்கு அவற்றால் கிடைத்த நன்மை பெரிது. அதே காட்டன்தான் 1867இல், தடுப்பணைகள் மீன் ஏறுவதை மறித்து மீன்வளத்தைக் கெடுக்கின்றன என்று மேலிடத்துக்கு எழுதி எச்சரித்தார். கட்டியவரே கேட்ட கேள்வி அது. அதன் பின்னர்தான் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் ஆறு ஆறாகச் சென்று விசாரித்து, 1873இல் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் மீன் ஏணி ஒன்று வைத்தும் பார்த்தார்கள். உல்லம் அதில் ஏறவில்லை. தாவி ஏறும் சால்மனை மனத்தில் வைத்து உருவான ஏணி, தாவாத மீனுக்கு உதவாது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரி உல்லத்தின் கதை ஏறக்குறைய முடிந்துபோனது.

எல்வாவுக்குத் திரும்பலாம். 113 கிலோமீட்டருக்கும் மேலான ஆற்று, ஓடைப் பரப்பில் திரிந்த மீனுக்குக் கடைசி 8 கிலோமீட்டர் மட்டும் மிஞ்சியது. அதுவும் நல்ல நிலையில் இல்லை. மலையிலிருந்து வரும் சரளையும் மணலும் இரண்டு ஏரிகளிலும் படிந்துவிட, கீழே ஓடியது வெறும் நீர். அது இருந்த கூழாங்கல்லையும் அரித்துக்கொண்டு போனது. முட்டையிட முடியாத பெரிய கற்கள் எஞ்சின. கோடையில் ஏரி நீர் சூடேறி இறங்க, மீனுக்கு நோய் கண்டது. முகத்துவாரத்தில் மணல் வரத்து நின்றதால் கடற்கரை பின்வாங்கியது. கிளாலம் பெண்கள் சிப்பி பொறுக்கிய மணல் திட்டுகள் கரைந்தன. லட்சக்கணக்கில் ஏறிய மீன் சில ஆயிரமாகக் குறைந்தது.

மீன் பிடிக்கப் போன கிளாலம் ஆண்களை மாநிலக் காவலர்கள் கைதுசெய்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதித் தந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகச் சொந்த ஆற்றிலேயே திருடர்களாக்கப்பட்டார்கள். மூத்த தலைமுறையினர் பலர் இரவில் வலை போட்டு, விடிவதற்குள் மறைத்துவைத்துப் பிழைத்த காலம் அது.

மின்சாரத்தால் ஊர் வளர்ந்தது என்பதும் உண்மை. போர்ட் ஏஞ்சலிஸில் விளக்கெரிந்தது. பிரெமர்ட்டன் கடற்படைத் தளத்துக்கும் கம்பி போனது. 1920இல் தொடங்கிய காகித ஆலை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் 1980களுக்கு வரும்போது கணக்கு மாறிவிட்டது. இரண்டு அணைகளும் சேர்ந்து அந்த ஒற்றை ஆலையின் தேவையில் சுமார் 40 சதவீதத்தைத்தான் தந்தன. பாசனம் கிடையாது, வெள்ளத் தடுப்பு கிடையாது. அந்த மின்சாரத்தைப் பொது மின்தொகுப்பிலிருந்தும் வாங்க முடியும்.

சட்டப் போராட்டத்தில் 1974 ஒரு திருப்பம். நீதிபதி ஜார்ஜ் போல்ட், 1855 ஒப்பந்தங்களின்படி பிடிக்கத்தக்க சால்மனில் பாதி பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். பிடிக்க உரிமை உண்டென்றால் ஆற்றில் மீன் இருக்க வேண்டுமே என்ற அடுத்த கேள்வி தானாக எழுந்தது. க்ளைன்ஸ் கேன்யன் அணையின் 50 ஆண்டு உரிமம் 1976இல் முடிந்தது. எல்வா அணைக்கு அதுவரை கூட்டாட்சி உரிமமே இருந்ததில்லை. எல்வாவின் மேலணையான க்ளைன்ஸ் கேன்யன் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டிருந்ததால், தேசியப் பூங்காவுக்குள் ஓர் அணைக்கு உரிமம் தரலாமா என்ற சிக்கலும் சேர்ந்தது. 1986இல் கிளாலம் பழங்குடியும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் உரிம வழக்கில் தலையிட்டு, அணைகளை அகற்றக் கோரினார்கள். அன்று அந்தக் கோரிக்கையைப் பலர் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கினார்கள்.

பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு உரிமையாளர், பழங்குடி, அரசு, சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நீதிமன்றத்தில் காலம் கழிப்பதைவிட அரசே அணைகளை வாங்கிவிடுவது மேல். 1992இல் எல்வா மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். இரண்டு அணைகளையும் நீக்கினாலன்றி ஆறு முழுதாக மீளாது என்று 1994இல் உள்துறை அறிக்கை சொன்னது. பணம் ஒதுக்குவதில் மேலும் இழுத்தடிப்பு. 2000இல் 2.95 கோடி டாலருக்கு அணைகள் அரசின் கைக்கு வந்தன. இடித்துவிட்டுப் போவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஊரின் குடிநீரும் ஆலையின் நீரும் எல்வாவிலிருந்துதான் வந்தன. அணை உடைந்ததும் வரப்போகும் சேற்று நீரைச் சுத்திகரிக்க நிலையங்கள் முதலில் கட்டியாக வேண்டும். அதற்கே பத்தாண்டு போனது. மொத்தச் செலவில் பெரும்பகுதி இதற்கும் நிலம், வெள்ளக்கரை போன்ற முன்னேற்பாடுகளுக்கும்தான். அணையை உடைத்த ஒப்பந்தம் மட்டும் பார்த்தால் 3 கோடி டாலருக்கும் குறைவு.

2011 செப்டம்பரில் வேலை ஆரம்பித்தது. கீழணையான எல்வா அணையில் ஆற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, மறுபக்கத்தை உடைத்து, பின் மாற்றி மாற்றி இறக்கினார்கள். 2012 மார்ச்சில் அது முடிந்தது. மேலணை உயரமானது, குறுகலான பள்ளத்தாக்கில் இருப்பது. ஏரியில் மிதவை கட்டி, அதன்மேல் இயந்திரச் சுத்தியல் பொருத்திய வண்டியை நிறுத்தி, உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க மிதவையும் இறங்கியது. பிறகு வெடி வைத்தார்கள். மீன் ஏறும் மாதங்களில் வேலை நிறுத்தப்பட்டது. ஒருமுறை சேறும் மரத்துண்டும் குடிநீர் நிலையத்தின் வாயை அடைத்துவிட, ஏறக்குறைய ஓராண்டு எல்லாம் நின்றது. 2014 ஆகஸ்டில் கடைசி வெடி வெடித்தது.

இரண்டு ஏரிகளிலும் சுமார் 2.1 கோடி கன மீட்டர் வண்டல் அடைபட்டுக் கிடந்தது. அவ்வளவு வண்டல் ஓர் ஆற்றில் அவிழ்த்துவிடப்பட்டு, அதை விஞ்ஞானிகள் கூடவே இருந்து அளந்தது அதற்குமுன் நடந்ததில்லை. நீர் காப்பி நிறத்தில் ஓடியது. மீன் எல்லாம் செத்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. முதல் ஆண்டுகள் உண்மையிலேயே கடுமையானவை. ஆனால் ஐந்தாண்டில் அடைபட்ட வண்டலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அரித்து இறங்கி, அதில் பெரும்பகுதி கடலைச் சேர்ந்துவிட்டது. முகத்துவாரத்தில் பெரிய கற்கள் கிடந்த இடத்தில் மணற்கரை வளர்ந்தது. சுமார் 100 ஏக்கர் புது நிலம். குட்டி நண்டுகளும் மணலில் வாழும் சின்ன மீன்களும் அங்கே குடிவந்தன.

ஏரிகள் வற்றியபோது மூழ்கிக் கிடந்த காட்டின் அடிமரங்கள் வெட்டுத் தழும்போடு வெளிப்பட்டன. நூறாண்டுக்கு முன் ஏரிக்காக வெட்டிய மரங்கள் அவை. வெற்று வண்டல் திடலில் பூங்காப் பணியாளர்களும் பழங்குடியினரும் தன்னார்வலர்களுமாக லட்சக்கணக்கில் நாற்று நட்டார்கள். அந்தப் பகுதியிலேயே விதை சேர்த்து வளர்த்தவை. சத்தில்லாத சரளை மேட்டில் எதுவும் எளிதில் பிடிக்கவில்லை; லூபின் என்ற பயறுக்குடும்பச் செடி மட்டும் ஊதாப் பூவாகப் படர்ந்து, மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்து மற்றவற்றுக்கு இடம் செய்தது.

2012 கோடையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பெரியவர்கள் சொல்லிவந்த படைப்புப் பாறை. ஏரிக்கடியில் கிடந்த அது, அடையாளம் சொன்னபடியே இருந்தது. கிளாலம் மக்கள் போய்ப் பார்த்தார்கள். அருகே ஆற்றங்கரையில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் இருந்ததற்கான தடயத்தைத் தொல்லியலாளர்கள் கண்டார்கள். அந்தக் கதை வெறும் கதை என்று பலரிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை வெளியாள் அளவிட முடியாது.

மீன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கீழணை போன சில வாரங்களிலேயே ஸ்டீல்ஹெட் மேலே ஓடைகளில் தென்பட்டது. 2014இல் மேலணையின் கடைசித் துண்டு போன சில வாரங்களில் சினூக் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டியது. உடைத்தபோது விழுந்த பாறைகள் அங்கே குறுக்கே கிடந்து பல மீன்களைத் தடுத்தன. அவற்றையும் வெடிவைத்து உடைக்க வேண்டியிருந்தது. கோஹோ மீன்களைப் பழங்குடியினரும் விஞ்ஞானிகளும் பிடித்து மேல் ஓடைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த தலைமுறை தானாகத் திரும்பி வந்தது. லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற பழம்பெரும் உயிரினத்தை யாரும் கொண்டுவந்து விடவில்லை. அதுவும் வந்தது.

எல்லாவற்றிலும் வியப்பானது கோடை ஸ்டீல்ஹெட். அந்த வகை எல்வாவில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. ஆனால் அணைக்கு மேலே நூறாண்டாகச் சிறைப்பட்டுக் கிடந்த வானவில் டிரௌட் மீன்கள் அதே இனம்தான். கடலுக்குப் போக வழியில்லாமல் ஆற்றிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டவை. வழி திறந்ததும் அவற்றின் குஞ்சுகளில் சில கடலுக்கு இறங்கி, பெரிய ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின. மரபணு ஆய்வு அதை உறுதிசெய்தது. நூறாண்டு கழித்தும் அந்த இயல்பு அவற்றிடம் அழியாமல் இருந்திருக்கிறது.

ஆற்றில் முங்கிப் பூச்சி பிடிக்கும் டிப்பர் என்ற சின்னஞ்சிறு பறவையையும் ஆராய்ந்தார்கள். சால்மன் எட்டும் இடத்திலிருந்த பறவைகளின் இரத்தத்தில் கடற்சத்து கூடியிருந்தது. அவை உடல் தேறியிருந்தன; ஒரே பருவத்தில் மறுமுறையும் கூடுகட்ட அவற்றுக்குத் தெம்பு இருந்தது.

இனி குறைகள். சினூக் கூடியிருக்கிறது, ஆனால் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை இன்னும் குஞ்சுப் பண்ணையில் பிறந்தவையே. பண்ணை மீன் இயற்கை மீனின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்று அக்கறையுள்ளவர்களிடையே வழக்கே நடந்தது. பிங்க் சால்மன் பழைய கூட்டத்தின் சாயலைக்கூட எட்டவில்லை. 2024 ஜூலையில் இந்தியன் க்ரீக் என்ற கிளை ஓடையில் எரிபொருள் லாரி ஒன்று கவிழ்ந்து, ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் செத்தன. அணையை எடுத்துவிட்டால் ஆற்றின் ஆபத்தெல்லாம் தீர்ந்தது என்று எண்ண இடமில்லை. அணை நீக்கம் தொடங்கிய 2011இலிருந்தே எல்வாவில் மீன்பிடிக்கத் தடை. மீன் தேறட்டும் என்று கிளாலம் பழங்குடியினரும் அதை ஏற்று, பன்னிரண்டு ஆண்டு வலை போடாமல் இருந்தார்கள். 2023 அக்டோபரில்தான் சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும், 400 கோஹோ வரை பிடிக்கலாம் என்று முதன்முதலாகத் திறந்தது. வயதானவர்கள் கரையில் நிற்க, பேரப்பிள்ளைகள் மீன் பிடித்தார்கள்.

எல்வா முதலும் அல்ல, கடைசியும் அல்ல. மெய்ன் மாநிலத்தில் கெனபெக் ஆற்றை 1837 முதல் மறித்துநின்ற எட்வர்ட்ஸ் அணையை 1999இல் உடைத்தார்கள். உரிமையாளர் விரும்பாதபோதும் கூட்டாட்சி ஆணையம் உரிமம் மறுத்த முதல் நிகழ்வு அது. கெனபெக்கின் கிளையாறான செபாஸ்டிகுக்கில் இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஏல்வைஃப் மீன் ஏறுகிறது. மேற்குக் கரையின் கிளாமத் ஆற்றில் 2002இல் பல்லாயிரம் சால்மன் செத்து மிதந்தபின் தொடங்கிய போராட்டம், 2024இல் நான்கு அணைகள் நீங்கியதில் முடிந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே சால்மன் ஓரிகன் மாநிலத்துக்குள் ஏறிவிட்டது. அமெரிக்காவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட அணைகள் நீக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை பயன் முடிந்த சிறு அணைகள்.

இதை வைத்துக்கொண்டு எல்லா அணையையும் இடி என்று கிளம்புவது அறிவீனம். எல்வா அணைகள் கொடுத்தது மின்சாரம் மட்டும். மாற்றும் கையில் இருந்தது. மேட்டூரை நம்பி லட்சக்கணக்கான ஏக்கர் நெல் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் எல்வாவில் தொடக்கத்திலேயே மீனுக்கு வழி வைத்திருந்தால் அதன் செலவு பிற்பாடு கொடுத்த 32.5 கோடி டாலரின் அருகில்கூட வந்திருக்காது. அது இங்கேயும் பொருந்தும். தமிழ்நாட்டு ஆறுகளின் குறுக்கே இன்றும் தடுப்பணைகளும் கதவணைகளும் எழுந்துவருகின்றன. நீர்வளத் துறை வரைபடம் போடும்போதே மீன்வளத் துறையையும் கரையோர மீனவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: இந்த ஆற்றில் ஏறும் மீன் எது, எந்த மாதம் ஏறும், அது தாவுமா நீந்துமா, எவ்வளவு வேகமான நீரை எதிர்க்கும்? அந்த விடைக்கேற்ற மீன் வழி ஒப்பந்தப்புள்ளியிலேயே இடம்பெற வேண்டும். அது இல்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது.